தூக்குவாளிக்கு வந்த வேலை

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஆண்டுதோறும் நெகிழி ஒழிப்புப் பேரணி நடக்கும். சென்ற ஆண்டு பேரணி முடிந்ததும் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். முழக்கமிட்டு வந்த தெருவிலேயே மிட்டாய்த் தாள்கள் கிடந்தன. யாரைக் கடிந்துகொள்வது? வாங்கிக் கொடுத்தது நாங்கள்தானே. கழிவிலிருந்து கைவினைப்பொருள் செய்யும் போட்டியிலும் இப்படித்தான். பாட்டிலுக்காகவே குளிர்பானம் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

இம்முறை குப்பையை எண்ணிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து கண்மாய்க் கரை வரை அரை மணி நேரம் பொறுக்கினார்கள். கையுறை கட்டாயம். கண்ணாடித் துண்டோ ஊசியோ தென்பட்டால் தொடாமல் ஆசிரியரை அழைக்க வேண்டும். பொறுக்கியதை வேப்பமரத்தடியில் கொட்டி, கேரி பேக், டீ கவர், ஷாம்பு பாக்கெட், தின்பண்டப் பாக்கெட் என வகை பிரித்து எண்ணினார்கள். கணக்குப் பாடவேளையில் அதுவே பட்டை விளக்கப்படம் ஆனது.

உயரமான பட்டை ஐந்து ரூபாய்த் தின்பண்டப் பாக்கெட்டுகளுக்கு. தின்றவர்களில் படம் வரைந்தவர்களும் உண்டு. அடுத்தது டீ கவர். "டீச்சர், பதினொரு மணிக்கு உங்க ரூமுக்கு வர்றதும் இதுலதானே?" என்றாள் ஒரு மாணவி. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டுமே பயன்படும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை உள்ளது. அந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவளே நான்தான். மறுநாள் ஆசிரியர் அறைக்கு ஒரு தூக்குவாளி வந்தது.

பழைய இரும்பு வாங்கும் அண்ணனையும் வகுப்புக்கு அழைத்தோம். பால் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுப்பேன், சிப்ஸ் பாக்கெட்டை மட்டும் எடுக்கமாட்டேன் என்றார். காரணத்தைப் பாக்கெட்டைக் கிழித்தே பார்த்தோம். உள்ளே பளபளப்பது அலுமினியப் பூச்சு. அதன்மேல் நெகிழி அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரிப்பது எளிதல்ல என்பதால் மறுசுழற்சிக்கு வாங்க ஆளில்லை. என் அறிவியல் பாடத்தைவிட அது பிள்ளைகள் மனத்தில் நன்றாகப் பதிந்தது.

விளக்கப்படத்தைப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டலாம் என்றபோது ஒரு மாணவன் மட்டும் ஒதுங்கி நின்றான். டீக்கடை அவன் அப்பாவுடையது. "எங்கப்பாவை எல்லாரும் திட்டுவாங்க டீச்சர்" என்றான். இதை நான் யோசிக்கவே இல்லை. அன்று மாலையே அவனோடு கடைக்குப் போனேன். தடை அவருக்குத் தெரியும். பாத்திரம் கொண்டு வராதவர்களைத் திருப்பி அனுப்பினால் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களே என்பதுதான் அவருடைய கவலை. படத்தைத் தெருவில் ஒட்டாமல் அக்டோபர் 2 கிராம சபைக்குக் கொண்டுபோனோம். மாணவர்களே விளக்கினார்கள். கடைப் பெயர் எதையும் சொல்லவில்லை. "ரெண்டு கடையும் ஒரே நாள்ல நிறுத்துனா நானும் நிறுத்துறேன்" என்று அவரே எழுந்து சொன்னார். எதிர்க்கடைக்காரரும் அங்கேதான் இருந்தார்.

துணிப்பை முயற்சி அவ்வளவு ஓடவில்லை. பழைய சேலையில் தைத்து மளிகைக் கடையில் இரவலுக்குத் தொங்கவிட்ட பைகளில் பாதிகூடத் திரும்பவில்லை. வீடுகளில் புழங்கினால் சரிதான் என்று விட்டுவிட்டோம்.

ஜனவரியில் மறுபடி எண்ணினோம். டீ கவர் பட்டை நன்றாகவே இறங்கியிருந்தது. தின்பண்டப் பட்டை அசையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பாக்கெட் வாங்காமல் அவித்த கடலை, பொரி என்று வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவருவதாகப் பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். இதுவரை மூன்று வெள்ளி போயிருக்கிறது.