எக்ஸிமா அரிப்பைத் தணிக்கும் வீட்டுப் பராமரிப்பு: எது உதவும், எது தீங்கு செய்யும்?

நம் வழக்கில் கரப்பான் என்று அழைக்கப்படும் எக்ஸிமா, தோலில் வறட்சி, தடிப்பு, கடும் அரிப்பு ஆகியவற்றை உண்டாக்கும் நாட்பட்ட அழற்சி நோயாகும். பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே இது தொடங்குகிறது. கைக்குழந்தைகளுக்குக் கன்னங்களிலும், வளர்ந்த குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு ஆகிய இடங்களிலும் மிகுதியாகத் தோன்றும். வெளிர்நிறத் தோலில் சிவப்பாகத் தெரியும் அழற்சி, மாநிறம் அல்லது கருநிறத் தோலில் கரும்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியலாம்.

எக்ஸிமா ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. எனவே நோயுள்ள குழந்தையைத் தூக்கவோ, உடன் உறங்க வைக்கவோ, பள்ளிக்கு அனுப்பவோ தயங்க வேண்டியதில்லை. இந்நோயை ஒரேயடியாக நீக்கும் மருந்து இல்லை. ஆயினும், முறையான பராமரிப்பினால் பெரும்பாலோர் இதனைக் கட்டுக்குள் வைத்து இயல்பாக வாழ முடியும். அப்பராமரிப்பின் பெரும்பகுதி வீட்டிலேயே நடைபெறுவதாகும்.

தோலில் நிகழ்வது என்ன?

நலமான தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவருக்கு ஒப்பிடலாம். உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இச்சுவர் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியிலுள்ள தூசி, கிருமி, ஒவ்வாமைப் பொருள்களை உள்ளே விடாமலும் காக்கிறது. எக்ஸிமா உள்ளவர்களிடம் இச்சுவர் வலுக்குறைந்திருக்கிறது. சிலருக்கு, இச்சுவரைக் கட்டமைக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதம் மரபணு மாற்றத்தினால் குறைவாக உருவாகிறது.

ஈரம் வெளியேறுவதால் தோல் வறண்டு அரிக்கிறது. சொறிவதால் சுவர் மேலும் சிதைகிறது. அதனால் அழற்சி மிகுந்து, அரிப்பும் மிகுகிறது. இச்சுழற்சியை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம். நல்ல வீட்டுப் பராமரிப்பு என்பது தோலுக்கு ஈரத்தைத் தந்து, அதனைத் தக்கவைத்து, உறுத்தும் பொருள்களை விலக்கி வைப்பதே. தோலின் மீது எதைப் பூசுவது என்பதைப் போலவே, எதைப் பூசாமல் விடுவது என்பதும் முக்கியமானது.

மூன்று கேள்விகள்

உறவினரும் அண்டை வீட்டாரும் அன்புடன் பல கைவைத்தியங்களைக் கூறுவர். அவற்றுள் எதையும் பயன்படுத்தும் முன், பின்வரும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. இது தோலில் ஈரத்தைத் தக்கவைக்குமா, அல்லது தோலை உலர்த்துமா?
2. புண்ணான தோலில் பட்டால் இது எரியுமா, உறுத்துமா?
3. இதில் என்னென்ன பொருள்கள் கலந்துள்ளன என்பது எனக்குத் தெளிவாகத் தெரியுமா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் நிறைவான விடை கிடைக்காவிடில், அப்பொருளைத் தவிர்ப்பதே நலம். இயற்கையில் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது.

பயன் தரும் வீட்டுப் பராமரிப்பு

வெதுவெதுப்பான நீரில் குறுகிய குளியல்: நாள்தோறும் 5 முதல் 10 நிமிடங்கள் வரை குளித்தால் போதும். சுடுநீர் அப்போதைக்கு அரிப்பை அடக்குவது போலத் தோன்றினாலும், தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையை நீக்கி வறட்சியை மிகுவிக்கும். நார், பீர்க்கங்கூடு, கரடுமுரடான துணி ஆகியவற்றால் தேய்க்கக் கூடாது. வழக்கமான சோப்புகள் காரத்தன்மை உடையவை. தோலோ சிறிது அமிலத்தன்மை உடையது. எனவே வாசனை சேர்க்காத மென்மையான கழுவுபொருளை, அழுக்குப் படியும் இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஈரம் காயுமுன் களிம்பு: குளித்தபின் துண்டினால் ஒற்றி எடுத்து, சில நிமிடங்களுக்குள் ஈரப்பதக் களிம்பைப் பூச வேண்டும். விலை மிகுந்த களிம்புகள் தேவையில்லை. வாசனையற்ற எளிய பெட்ரோலியம் ஜெல்லியே ஈரத்தை நன்கு காக்கும். குறைந்தது நாளுக்கு இருமுறை, தோல் தெளிவாக இருக்கும் நாள்களிலும், முடி வளரும் திசையில் மெதுவாகத் தடவுங்கள். பலரும் தேவையைவிட மிகக் குறைவாகவே பூசுகின்றனர். உடலின் பெரும்பகுதியில் வறட்சி உள்ள குழந்தைக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படலாம். கோடைக் காலத்தில் கெட்டியான களிம்பு புழுக்கத்தையும் வேர்க்குருவையும் உண்டாக்கினால், பகலில் இலேசான கிரீமும் இரவில் கெட்டியான களிம்பும் பயன்படுத்தலாம்.

தேங்காய் எண்ணெய்: இலேசான மற்றும் நடுத்தர எக்ஸிமாவில் தூய தேங்காய் எண்ணெய் பயன் தரக்கூடும். ஃபிலிப்பைன்ஸ் நாட்டில் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2014 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சுத்திகரிக்கப்படாத தூய தேங்காய் எண்ணெய், கனிம எண்ணெயைவிட நல்ல பயனைத் தந்தது. வாசனைப் பொருளோ மூலிகையோ கலந்த கூந்தல் தைலங்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. தலையில் பொடுகு போன்ற செதில்கள் இருப்பின், அது வேறு வகை அழற்சியாக இருக்கலாம். எண்ணெய் அதனை மிகுவிக்கக் கூடும்.

ஓட்ஸ் நீர்: நுண்மையாக அரைத்த ஓட்ஸ் அரிப்பைத் தணிப்பது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2003 ஆம் ஆண்டில் இதனைத் தோல் காப்புப் பொருளாக ஏற்றது. சர்க்கரை, மசாலா எதுவும் சேர்க்காத ஓட்ஸை மாவாக அரைத்து, ஒரு கைப்பிடி அளவு எடுத்து ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் கலந்துகொள்ளுங்கள். நீர் பால் போல வெண்மையானால் பதம் சரியானது. அதனைத் தோலின்மீது சில நிமிடங்கள் மெதுவாக ஊற்றி, பின்னர் ஒற்றி எடுத்துக் களிம்பைப் பூசுங்கள். தரை வழுக்கும், குழந்தைகளையும் முதியோரையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இதனைத் தவிர்க்க வேண்டும்.

குளிர் ஒத்தடம்: அரிப்பு மிகும்போது, தூய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து 5 முதல் 10 நிமிடங்கள் வரை வையுங்கள். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது. ஒத்தடத்திற்குப் பின் களிம்பைப் பூசுங்கள்.

உடையும் நகமும்: தளர்வான பருத்தி உடைகளே ஏற்றவை. புத்தாடைகளைத் துவைத்த பின்னரே அணிவியுங்கள். வியர்வை அரிப்பைத் தூண்டும். விளையாடி வந்த குழந்தையின் உடலை நீரால் கழுவி, மீண்டும் களிம்பைப் பூசுங்கள். நகங்களைக் குட்டையாக வெட்டி வையுங்கள். இரவில் உறக்கத்தில் சொறியும் குழந்தைக்குப் பருத்திக் கையுறை அணிவிக்கலாம்.

புதிய பொருள் எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில், புண்ணில்லாத இடத்தில், நாணயம் அளவுக்கு நாளுக்கு இருமுறை வீதம் 7 நாள்கள் பூசிப் பாருங்கள். சிவப்பு, எரிச்சல், தடிப்பு எதுவும் தோன்றாவிடில் பயன்படுத்தலாம்.

தீ குறித்து எச்சரிக்கை: களிம்பும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். துவைத்தாலும் அப்பசை முழுமையாக நீங்குவதில்லை. களிம்பு பூசியவர்கள் அடுப்பு, விளக்கு, பட்டாசு ஆகியவற்றின் அருகே மிகுந்த கவனத்துடன் இருக்க வேண்டும்.

கவனத்துடன் அணுக வேண்டியவை

சோற்றுக் கற்றாழை: இதன் உள்சதை குளிர்ச்சி தரும். ஆனால் தோலுக்கும் சதைக்கும் இடையே வடியும் மஞ்சள் நிறப் பால் உறுத்தக்கூடியது. அதனை முற்றிலும் கழுவி நீக்க வேண்டும். கற்றாழை மட்டும் ஈரத்தைக் காக்காது. அதன்மேல் களிம்பு தேவை.

மஞ்சளும் வேப்பிலையும்: இவ்விரண்டும் நம் மரபில் நெடுங்காலமாகப் பயன்படுபவை. எனினும் அரைத்த விழுதாகப் பூசிக் காயவிடும்போது, அவை தோலின் ஈரத்தையும் உறிஞ்சிவிடுகின்றன. சிலருக்கு இவற்றாலேயே ஒவ்வாமைத் தடிப்பு உண்டாவதும் உண்டு. வெடித்த தோலிலும் நீர் வடியும் புண்ணிலும் பூசக் கூடாது. வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு ஒருபோதும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது. அது வலிப்பையும் மூளைப் பாதிப்பையும் உண்டாக்கக் கூடிய நஞ்சாகும்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை

• கற்பூரம் கலந்த எண்ணெய். புண்ணான தோல் வழியே கற்பூரம் உடலுக்குள் சென்று, கைக்குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக் கூடும்.
• எலுமிச்சைச் சாறு. இதனைப் பூசியபின் வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கலாம்.
• பூண்டு விழுது. இது தோலைச் சுடும்.
• வினிகர், உப்பு நீர், குளிக்கும் நீரில் கலக்கும் கிருமிநாசினித் திரவங்கள். இவை எரிச்சலையும் வறட்சியையும் மிகுவிக்கும்.
• கடுகெண்ணெய், ஆலிவ் எண்ணெய். இவை தோலின் காப்புச் சுவரைத் தளர்த்தக் கூடும்.
• கடலை மாவு, பயத்த மாவு, பால், முட்டை ஆகியவற்றைக் குழந்தையின் புண்ணான தோலில் தேய்த்தல். சிதைந்த தோல் வழியே உணவுப் புரதங்கள் நுழைந்தால், அவ்வுணவுக்கே ஒவ்வாமை தோன்றும் வாய்ப்பு உண்டு.
• உட்பொருள் விவரம் அச்சிடப்படாத களிம்புகள். மூலிகைக் களிம்பு என்று விற்கப்படுபவற்றுள் சிலவற்றில் வலிமை மிக்க ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதுண்டு. ஓரிரு நாள்களில் வியக்கத்தக்க குணம் தெரிந்தால் மகிழ்வதற்கு முன் ஐயுறுங்கள்.

பத்தியம் தேவையா?

கத்தரிக்காய், கருவாடு போன்றவற்றைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒரு குறிப்பிட்ட உணவை உண்டபின் ஒவ்வொரு முறையும் தடிப்போ வாந்தியோ மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், அதனைக் குறித்துவைத்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். அவ்வாறன்றி, ஐயத்தின் பேரில் பால், முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை ஒட்டுமொத்தமாக நிறுத்தினால், வளரும் குழந்தைக்கு ஊட்டக்குறைவு ஏற்படும். எக்ஸிமாவோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

மருத்துவர் தரும் களிம்பும் வீட்டுப் பராமரிப்பும்

வீட்டுப் பராமரிப்பு மருத்துவத்திற்குத் துணை, மாற்று அன்று. அழற்சி மூண்டபின் ஈரப்பதக் களிம்பால் மட்டும் அதனை அடக்க இயலாது. அந்நிலையில் மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பு தேவைப்படலாம். அதன்மீது கொண்ட அச்சத்தால் பலர் அதனைத் தவிர்த்து, மாதக்கணக்கில் குழந்தையை அரிப்பிலும் உறக்கமின்மையிலும் வருந்த விடுகின்றனர். உரிய வலிமையுள்ள களிம்பை, உரிய இடத்தில், மருத்துவர் கூறும் காலம்வரை பயன்படுத்துவது பாதுகாப்பானது. பெரியவரின் சுட்டுவிரல் நுனிமுதல் முதல் கணு வரை பிதுக்கிய களிம்பு, பெரியவரின் இரண்டு உள்ளங்கைகள் அளவுள்ள பரப்புக்குப் போதும். இதற்கும் ஈரப்பதக் களிம்புக்கும் இடையே சுமார் அரை மணி நேர இடைவெளி விடுங்கள்.

ஆனால் மருந்துக்கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் ஆபத்தானவை. படர்தாமரையை எக்ஸிமா என்று கருதி ஸ்டீராய்டு பூசினால், அரிப்பு அடங்கியது போலத் தோன்றி, பூஞ்சை உடலெங்கும் பரவும். முகத்திலும் தோல் மடிப்புகளிலும் நெடுநாள் பூசினால் தோல் மெலியும்.

சித்த மருத்துவத்தை நாடுவோர், அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவிலோ பதிவு பெற்ற சித்த மருத்துவரிடமோ ஆலோசனை பெறுங்கள். உலோகச் சேர்மங்கள் அடங்கிய மருந்துகளைத் தாமாக உட்கொள்ளக் கூடாது. எந்த மருத்துவரிடம் சென்றாலும், நீங்கள் பயன்படுத்தும் எல்லா மருந்துகளையும் அவரிடம் காட்டுங்கள்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• இரண்டு வாரம் முறையாகப் பராமரித்தும் குறையாவிடில்
• அரிப்பினால் உறக்கமோ படிப்போ வேலையோ கெட்டால்
• கைக்குழந்தைக்கு உடலின் பெரும்பகுதியில் பரவினால்
• வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்புத் தோன்றினால். இது சொறி நோயாக இருக்கலாம், அது தொற்றக்கூடியது

பின்வருவன தோன்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

• மஞ்சள் பொருக்கு, சீழ், வீக்கம், விரைந்து பரவும் வலி
• காய்ச்சல், சோர்வு, குழந்தை பால் குடிக்க மறுத்தல்
• ஒரே அளவுள்ள சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, வலியுடன் குழிப்புண்களாக மாறுதல். இது எக்ஸிமாவின்மீது அக்கி வகை வைரஸ் தொற்றியதன் அறிகுறி. சில மணி நேரத் தாமதமும் தீங்கானது, கண்ணருகே தோன்றினால் பார்வைக்கும் ஆபத்து

தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

நினைவில் கொள்க

குறுகிய குளியல், ஈரம் காயுமுன் களிம்பு, பருத்தி உடை, குட்டை நகம் ஆகிய நான்கும் நாள்தோறும் தவறாமல் நடைபெற வேண்டியவை. புதிய வைத்தியம் எதைக் கேள்விப்பட்டாலும், மேற்கண்ட மூன்று கேள்விகளைக் கேட்ட பின்னரே கையில் எடுங்கள். தோல் தெளிந்த பின்னும் களிம்பை நிறுத்தாதீர்கள். தெளிந்த தோலைக் காப்பதே அடுத்த சீற்றத்தைத் தள்ளிப்போடும் வழி.