களைச்செடியில் எழும்பிய யானைகள்



வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்டத்து லயங்களில் பிறந்து, இன்று நகரங்களில் குடியேறியிருக்கும் குடும்பங்கள் அநேகம். அவர்களில் ஒருவனாகவே இதை எழுதுகிறேன். என் சிறுவயதில் "யானை" என்ற கூக்குரல் கேட்டால் பெரியவர்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். யானையை நாங்கள் சத்துருவாகவே எண்ணினோம். நாங்கள் குடியிருந்த மலை ஒருகாலத்தில் அதன் காடாயிருந்தது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அந்தக் காட்டை வெட்டிய கைகள் நம் முன்னோருடையவை. வெட்டும்படி தீர்மானித்தவர்கள் தோட்ட முதலாளிகள். நம்மவர்களோ வயிற்றுப்பாட்டிற்காக வந்த கூலிகள். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை தேனி, மதுரைச் சீமைகளுக்குச் சோறு போட்டது. அதற்காக நீரில் மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தேக்கடி ஏரியில் நிற்கின்றன. நன்மையும் இழப்பும் ஒரே இடத்தில் இருப்பதை அங்கே காணலாம்.

அந்த இழப்பு முடிந்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, பெரியார் புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. அது மே மாதத்தில் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூனில் மீண்டும் பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோகப்பட்டது. 2025 மார்ச்சில் வண்டிப்பெரியார் தோட்டப் பகுதிக்குள் வந்த காயமுற்ற புலி ஒன்று, பிடிக்கும் முயற்சியின்போது சுடப்பட்டு இறந்தது. மிருகங்களுக்கும் இடமில்லை, பயந்து வாழும் தொழிலாளிக்கும் நிம்மதியில்லை.

இந்த வேதனையைக் கலையாக்கியவர்கள் நம்மைப் போன்றே தேயிலை மலையில் வாழும் நீலகிரி மாவட்டக் கூடலூர் மக்கள். பெட்டக் குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் ஆகிய பழங்குடியினர் உண்ணிச்செடியைக் கொண்டு முழு அளவு யானைகளைச் செய்கிறார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்ட உண்ணி, இன்று இந்தியாவில் புலிகள் வாழும் காடுகளில் 40 விழுக்காட்டிற்கு மேல் பரவியிருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அது அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை, யானைக்கு இரையுமில்லை.

அவர்கள் அந்தத் தண்டுகளை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின்மேல் வளைத்து அறைகிறார்கள். ஒவ்வொரு சிற்பமும் அவர்கள் காட்டில் நேரில் அறிந்த ஓர் உயிருள்ள யானையின் சாயல். இந்த யானைகள் 2021-இல் இலண்டன் பூங்காக்களிலும், 2024-இல் பெங்களூரு லால்பாக்கிலும், அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் நின்றன. விற்பனைப் பணம் மனிதரும் வனவிலங்கும் சேர்ந்து வாழ்வதற்கான பணிகளுக்குச் செல்கிறது.

நூறு சிற்பங்கள் செய்வதால் காடெங்கும் பரவிய களை அழிந்துவிடுமா? அழியாது. ஆனால் காட்டைக் கெடுத்த பொருளே காட்டிற்காகப் பரிந்து பேசும் பொருளாயிற்று. தினக்கூலியாக இருந்தவர் சிற்பியானார். யானை வரும் வழியில் வீடு கட்டியிருப்பவரே அதன் முகத்தைப் பொறுமையோடு வடிக்கும்போது, உள்ளத்திலிருந்த பகையும் கொஞ்சம் கொஞ்சமாய் இளகத்தானே செய்யும்? மனமாற்றம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தன் கை செய்ததைத் தானே உற்றுப் பார்ப்பதில் அது தொடங்குகிறது.

விடுமுறைக்கு ஊர் செல்லும் பெற்றோரே, பிள்ளைகளைப் பெரியாற்றங்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தாத்தா பாட்டி வெட்டிய மலையின் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். ஆற்றில் மிதந்து வரும் நெகிழிப் பைகளையும் காட்டுங்கள். பின்பு ஒரு தாளைக் கொடுத்து, கண்டதை வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தில் நாமும் இருப்போம். எப்படி இருக்கிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ள நமக்கும் அது உதவும்.