யின்னும் யாங்கும்

ஜொகூர் மாநிலத்துச் சிகாமாட் வட்டாரத்தில் டுரியான் பருவம் வந்துவிட்டால், அதனை வயிறார உண்டவர்க்கு மங்குஸ்தீனும் தின்னச் சொல்வது வழக்கம். முன்னது சூடு, பின்னது குளிர்ச்சி என்பர். மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த தமிழர்க்கு இது புதிதன்று. ஆயினும், சீன மருத்துவம் கூறும் யின், யாங் என்பன குளிர்ச்சி, சூடு என்னும் இரு சொற்களுள் அடங்குவன அல்ல.

மலையின் நிழற்புறம் யின், வெயிற்புறம் யாங். இவையே அச்சொற்களின் முதற்பொருள். மலை ஒன்றே, ஞாயிறு நகர, நிழற்புறம் வெயிற்புறமாகும். ஆகவே இவை இரு பொருள்கள் அல்ல. ஒன்றை நோக்கி மற்றொன்று அமையும் நிலைகள். 'மஞ்சள் பேரரசர் அகநூல்' என்னும் பழஞ்சீன மருத்துவ நூல், உடலின் புறம் யாங், அகம் யின். முதுகு யாங், வயிறு யின் என வகுக்கின்றது. ஓர் உறுப்பிலேயே இரண்டும் உண்டு. சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயம் மூன்றும் உடலை இயக்கும் உயிர்த்தாதுக்கள். யின், யாங் அத்தகையன அல்ல. மிகினும் குறையினும் நோய் என்பதில் இரு மரபும் ஒன்றுபடும்.

உடல் சுடுகின்றது என்று இருவர் வருவதாகக் கொள்வோம். ஒருவர்க்கு முகம் சிவந்து, நாடி வலுத்து, நீர்வேட்கை மிகுந்துள்ளது. இது யாங் மிகுதி. வெப்பம் தணித்தல் வேண்டும். மற்றவர்க்கு மாலையில் இளஞ்சூடு, இரவில் வியர்வை, மெலிந்து விரையும் நாடி. இங்கே யாங் மிகவில்லை, யின் குறைந்துள்ளது. நெய் வற்றிய விளக்கில் திரி கருகுவது போன்றது இது. நெய் வார்ப்பதே மருந்து என்பது அம்மரபு.

பாகுபாடு நுட்பமானதே. எனினும் மாலைக் காய்ச்சலும், இரவு வியர்வையும், மெலிவும் காசநோயின் அறிகுறிகளும் ஆகும். அந்நோய்க்குக் காரணம் ஒரு கிருமி. சளியைச் சோதித்து அதனைக் காணலாம். சமநிலை பேசிக் காலம் கடத்தினால் உயிர்க்கே கேடு. ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் ஊசிமருத்துவம் புதுமுறை மருத்துவத்தோடு ஒரே கூரையின்கீழ் இடம் பெற்றதும், 2016ஆம் ஆண்டின் மலேசியச் சட்டம் மரபுவழி மருத்துவர் பதிவு பெற வேண்டும் என வகுத்ததும் இவ்வகையில் பொருத்தமானவை.

வகுப்பில் இச்சொற்களை விளக்குவோர் 'குளிர்ச்சி, சூடு' என்று பெயர்த்து நிறுத்திவிடாமல், 'நிழற்புறம், வெயிற்புறம்' என்று தொடங்கினால் மாணவர்க்குப் பொருள் தெளிவாகும்.