வதந்தி பரவிய இரவு

2021 டிசம்பர் 17 இரவு. ஸ்ரீபெரும்புதூர் அருகே சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகளில் சிலர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. உணவு நஞ்சானது உண்மை. 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டதும் உண்மை. இறந்ததாகச் சொன்னது மட்டும் பொய்.

‘வதந்தியை நம்பி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்’ என்று பலர் அதோடு முடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண்களை அறியாதவர்களாக்கும் இந்தப் பேச்சை உளவியல் ஏற்பதில்லை.

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் மக்களிடையே உலவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்ற இந்திய உளவியலாளர் திரட்டி, 1935இல் ஆய்வாக வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் சேதம் எதையும் பார்க்காத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற பேச்சுதான் வலுத்திருந்தது. அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் பின்னாளில் இதற்கு விளக்கம் சொன்னார்: பயம் முதலில் வந்துவிடுகிறது, அதற்குப் பொருத்தமான செய்தியை மனம் பிறகு தேடிக்கொள்கிறது.

ஹாஸ்டல் பெண்களின் பயத்துக்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. பக்கத்தில் படுத்திருந்தவளைக் காணவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எப்படி இருக்கிறாள் என்று நம்பும்படி யாரும் சொல்லவில்லை. ஒரு விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியமோ, அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறதோ, அந்த இரண்டின் பெருக்கல்தான் வதந்தியின் வலு என்று உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மேனும் 1947இல் எழுதினார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியே இல்லை. அன்றிரவு இரண்டுமே உச்சத்தில் இருந்தன.

ஆளுக்கு ஆள் சுபாவம் மாறும் என்பதும் மெய்தான். கலகலப்பானவர்கள் சமூக வலைத்தளங்களில் நிறையப் பதிவிடுகிறார்கள், நிறையப் பேரோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள். எளிதில் கவலைப்படுகிறவர்கள் ஆறுதல் தேடி அவற்றுக்குள் போகிறார்கள். ஆனால் இந்த வேறுபாடுகளின் தாக்கம் பெரும்பாலும் சிறியதாகவே ஆய்வுகளில் தெரிகிறது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் பதறும்போது, ஒவ்வொருத்தியின் சுபாவத்தை ஆராய்வதைவிட அவர்கள் நின்ற சூழலைப் பார்ப்பதுதான் நியாயம்.

அந்தச் சூழலில் செய்தி பரவும் விதமும் அடங்கும். ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எம்ஐடி ஆய்வாளர்கள் அலசினார்கள். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த முடிவு: உண்மையைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். பொய்ச் செய்திக்கு வந்த பதில்களில் வியப்பும் அருவருப்பும் கூடுதலாகத் தெரிந்தன. முகம் தெரியாதவர் எழுதியதையே இப்படிப் பகிர்கிறோம். ஹாஸ்டல் குழுவிலோ செய்தி அனுப்புவது கூட வேலை பார்க்கும் பெண். அவளை நம்பாமல் யாரை நம்புவது? ஒரே நேரத்தில் 5 சாட்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் 2018இலேயே இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. அது வேகத்தைக் குறைக்கும், தவிப்பைக் குறைக்காது.

சிகிச்சையில் இருந்த பெண்களை வீடியோ காலில் பேசவைத்த பிறகே மறியல் தணிந்தது. பொய் பரவிய அதே கைப்பேசியில்தான் உண்மையும் வந்தது, மிகத் தாமதமாக. பயத்தின் வேர் ஹாஸ்டலில் இருந்தது. ஆப்பிள் நிறுவனமே பிறகு, தொலைவிலுள்ள சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றதாக இல்லை என்று சொல்லி, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மறியலுக்குப் பின் மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரி 12இல்தான் திறந்தது.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஹாஸ்டல் நடத்துகிறவர்களே, கம்பெனி மனிதவள அதிகாரிகளே: ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்பதை முதல் ஒரு மணி நேரத்துக்குள் அறைத்தோழிகளுக்குச் சொல்லுங்கள். முடிந்தால் அவள் குரலிலேயே சொல்லவையுங்கள்.