காந்த விசைக்கோடுகளின் மறுஇணைவு

கண்டி நகர் புவியின் காந்த நடுக்கோட்டிற்கு மிக அண்மையிலே அமைந்துள்ளது. ஆதலின், பேராதனையிலே காந்த ஊசியொன்றை அதன் நடுவிற் கட்டித் தொங்கவிடின், அது ஏறக்குறையக் கிடையாக நின்று வடக்கை நோக்கும். விண்வெளிப் பெருநிகழ்ச்சியொன்றை விளக்க அத்திசையே போதியதாகும்.

ஞாயிற்றினின்றும் பிளாஸ்மா எனும் மின்னேற்றம் பெற்ற வாயு இடையறாது வீசுகின்றது. அது சிறந்த மின்கடத்தியாதலால், காந்த விசைக்கோடுகள் அதனுள் உறைந்தவைபோல உடன்வரும். ஆயின், எதிர்த்திசைப் புலங்கள் இரண்டு நெருங்குமிடத்துக் கோடுகள் அறுந்து புதுமுறையில் இணையும். காந்தப்புலத்திற் சேர்ந்திருந்த ஆற்றல் வெப்பமாகவும் வேகமாகவும் வெளிப்படும். இதுவே காந்த மறுஇணைவு. சூரியச் சுவாலைகளுக்கும் இதுவே காரணமென்பர்.

இஃது எத்துணை விரைவாக நிகழும்? 1950களில் சுவீட்டு, பார்க்கர் ஆகியோர் காட்டிய முறைப்படி ஒரு சுவாலைக்கு மாதக்கணக்கான காலம் வேண்டும். உண்மையில் அது சில நிமிடங்களில் எழுகின்றது. 1964இல் பெட்செக் விரைவான வழியொன்றைக் கூறினார். ஆயினும் ஆய்வு இன்னும் முற்றுப்பெறவில்லை.

கண்டியில் ஊசி காட்டும் அவ்வடதிசைப் புலமே, பகற்பக்கத்தில், புவிமையத்திலிருந்து ஏறத்தாழ 64,000 கிலோமீற்றர் வரை காவலாய் நிற்கின்றது. ஞாயிற்றிலிருந்து வரும் புலம் தெற்கு நோக்கியதாயின், இரண்டும் இணைந்து அக்காவல் திறக்குமென 1961இல் டஞ்சி விளக்கினார். 2015இல் ஏவப்பட்ட நான்கு விண்கலங்கள் அவ்வெல்லையிலே மறுஇணைவை நேரில் அளந்தன.

2024 மே மாதக் காந்தப்புயலின்போது இலடாக்கின் ஹன்லேயிலும் வானம் சிவந்தது. கண்டி வானம் அவ்வாறு சிவப்பதில்லை. எனினும், அத்தகைய புயல்களில் புவியைச் சூழும் வளைய மின்னோட்டம் வலுப்பெறுதலால், இங்குள்ள கிடைப்புலமும் சற்றே குறையும். தொலைவில் அறுந்த கோடுகளின் செய்தி அவ்வாறு ஈண்டும் வந்து சேர்கின்றது.