சத்திரத்துச் சுவருக்குள் காற்று

நரிக்குடிக்குப் போனால் மருது சத்திரத்தைப் பாருங்கள். இராமேசுவரம் போகிற யாத்திரைக்காரர்கள் தங்குவதற்காக மருது சகோதரர்கள் கட்டியது என்பார்கள். அவர்கள் பிறந்த முக்குளம் பக்கத்து ஊர்தான். வெள்ளைக்காரர்கள் அவர்களைச் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அப்படியென்றால் சத்திரத்துக்கு 200 வயது தாண்டிவிட்டது.

இன்றைய சிமென்ட்டின் முன்னோடிக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல்தான். ஆகவே சத்திரம் கட்டிய கொத்தனார் சிமென்ட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. அவர் கையில் இருந்தது சுண்ணாம்புக் காரை.

சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் போட்டுச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சுடுவார்கள். கல்லுக்குள் அடைபட்டிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். சுத்தமான கல் 100 கிலோ என்றால், மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி 44 கிலோவும் காற்றோடு போயிற்று! சுட்ட கட்டியில் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு 'உஸ்' என்று சத்தம், வெடிப்பு, ஆவி. அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். (கிட்டே போகாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.) கட்டி உதிர்ந்து மாவாகும். அதோடு மணல் சேர்த்து அரைத்தால் காரை. சில ஊர்களில் கடுக்காய், கருப்பட்டித் தண்ணீரும் விடுவார்கள்.

சுவரில் பூசிய பிறகுதான் வேடிக்கை. காளவாசலில் விட்ட அதே வாயுவைக் காரை காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு, மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. தடித்த சுவரின் உள்பக்கம் இறுக வருடக்கணக்காகும். சத்திரத்துத் திண்ணையில் படுத்த யாத்திரைக்காரர் விட்ட மூச்சிலும் கொஞ்சம் அந்தச் சுவருக்குள் இருக்கலாம்.

சுண்ணாம்புக் காரை நம் ஊரில் மட்டும் இருந்ததல்ல. அமெரிக்காவின் பழைய ஊரான செயின்ட் அகஸ்டினில் ஸ்பானியர்கள் 1672இல் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். கிளிஞ்சல்கள் இறுகி உண்டான கல். சிப்பி சுட்ட சுண்ணாம்பில் காரை. 1702இல் ஆங்கிலேயர் பீரங்கியால் சுட்டபோது சுவர் தெறிக்கவில்லை, குண்டுகளை உள்வாங்கிக்கொண்டது.

கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே பொருள்தான். வீட்டில் ஒரு கிளிஞ்சல்மேல் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், குமிழி வரும். அதுவும் அதே கார்பன் டை ஆக்சைடுதான். சத்திரத்துச் சுவரில் மட்டும் விட்டுவிடாதீர்கள்!

அருப்புக்கோட்டைப் பக்கம் பந்தல்குடியில் இன்றும் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறார்கள், சிமென்ட்டுக்காக. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து சீக்கிரம் இறுகும். ஆனால் பழைய செங்கல் சுவரில் அதைப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல் பொரிந்து உதிரும். அதனால்தான் பழைய கட்டடங்களைச் செப்பனிடுகிறவர்கள் இப்போதும் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைகிறார்கள்.