கோழி இரத்தமும் ஒளி இடுக்கியும்

கோழியின் இரத்தச் சிவப்பணுவில் உட்கரு உண்டு, மனிதருடையதில் இல்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு இது பாலபாடம். கோழி இரத்தம் இயற்பியல் ஆய்வகம் வரை போனதற்கும் இந்த உட்கருதான் காரணம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் கார்லோஸ் புஸ்டமான்டே குழுவினர், கோழிச் சிவப்பணுவின் உட்கருவிலிருந்து எடுத்த ஒற்றைக் குரோமேட்டின் இழையை, அதாவது புரதங்கள் மீது சுற்றிய டிஎன்ஏவை, லேசர் ஒளியால் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். விசை 20 பிக்கோ நியூட்டனைத் தாண்டியதும் புரதங்கள் இழையை விட்டுக் கழன்றன.

அது எவ்வளவு விசை? 50 கிராம் முட்டை ஒன்றின் எடையைச் சுமார் 2,500 கோடி பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு.

ஒளி எப்படி ஒரு பொருளைப் பிடிக்கும்? ஒளிக்கு எடை இல்லை. ஆனால் உந்தம் உண்டு. மேலே படும்போது தள்ளும். ஒரு வாட் லேசர் முழுவதையும் ஒரு பொருள் உறிஞ்சினாலும், கிடைக்கும் விசை ஒரு நியூட்டனில் 30 கோடியில் ஒரு பங்குதான். நமக்கு அது ஒன்றுமே இல்லை. தண்ணீரில் மிதக்கும் மைக்ரான் அளவு மணிக்கோ அதுவே பெரிய தள்ளு.

தள்ளுவது புரிகிறது, பிடித்து வைப்பது எப்படி என்றால், அங்கேதான் ஆர்தர் ஆஷ்கின் வருகிறார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1970-ல் அவர் நுண்மணிகள் மீது லேசரைப் பாய்ச்சினார். மணிகள் முன்னோக்கி நகர்ந்தன. அதோடு, கற்றையின் ஓரத்தில் இருந்தவை நடுவுக்கும் இழுபட்டன. கண்ணாடி போன்ற மணிக்குள் நுழையும் ஒளி வளைந்து வெளியேறுகிறது. ஒளியின் திசை ஒரு பக்கம் மாறினால், மணி எதிர்ப்பக்கம் நகர்ந்தாக வேண்டும். நடுவில் ஒளி அதிகம் என்பதால் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மணி நடுவுக்கே வரும். சக்திவாய்ந்த நுண்ணோக்கி லென்ஸால் லேசரை ஒரு புள்ளியில் குவித்தால், மணி அந்தப் புள்ளியிலேயே நின்றுவிடும். இதுதான் ஒளி இடுக்கி. ஒற்றைக் கற்றையால் இதைச் செய்துகாட்ட 1986 வரை ஆனது. மறு ஆண்டே வைரஸையும் பாக்டீரியாவையும் பிடித்தார். பச்சை லேசரில் பாக்டீரியா செத்தது. அகச்சிவப்புக்கு மாறியபோது பிடிக்குள் இருந்தபடியே இனம் பெருக்கியது. நோபல் பரிசு 2018-ல் வந்தபோது ஆஷ்கினுக்கு வயது 96.

சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டரில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இது அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறது. சாதாரண ஒளி இடுக்கிக்கு மிகச் சிறிய துகள் சிக்காது. லேசரைக் கூட்டினால் உயிரணு வெந்துவிடும். வெள்ளி போன்ற உலோக நுண்தட்டுகள் தம்மைச் சுற்றி ஒளியைச் செறிவாக்கும் என்பதால் சிறு துகளையும் பிடிக்கும். ஆனால் அவை ஒரே இடத்தில் பதிந்திருக்கும். அம்பரீஷ் கோஷும் சௌவிக் கோஷும் 2018-ல் இந்த நுண்ணமைப்புகளைக் காந்தத்தால் நீந்தும் துகளில் ஏற்றினார்கள். 2019-ல் காந்தமும் போயிற்று. நுண்ணிய கண்ணாடிக் கோல் மீது வெள்ளித் தட்டு. கோலை நகர்த்துவது லேசர், தட்டின் அருகே 40 நானோமீட்டர் துகளைப் பிடித்து வைப்பதும் லேசர்.

இவற்றை 'நானோ ரோபோ' என்று எழுதும் செய்திகளைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம். மூளை கிடையாது, பேட்டரி கிடையாது. வெளியே இருந்து ஓட்டுகிற துகள், அவ்வளவுதான். உடம்புக்குள் புற்றுநோயைத் தேடிப் போகும் வேலைக்கு ஒளி இடுக்கி அநேகமாக ஆகாது. தசையும் இரத்தமும் ஒளியைச் சிதறடித்துவிடும். 2022-ல் இதே கழகத்தினர் பல்லின் நுண்குழாய்களுக்குள் செலுத்திய துகள்கள் காந்தத்தால் ஓடியவை. ஒளியின் இடம் கண்ணாடித் தகடும் நுண்ணோக்கியும்தான்; அங்கே ஒற்றை உயிரணுவையோ மூலக்கூறையோ தொடாமல் அளக்க இதைவிட நுட்பமான கருவிகள் குறைவு.

சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. 100 மடங்கு பெரிதாக்கும் ஆயில் இம்மர்ஷன் லென்ஸ், இரத்தப் பரிசோதனைக் கூடங்களில்கூட இருக்கிறது. அதனோடு ஒரு கேமராவும் லேசர் டையோடும் சேர்த்து ஒளி இடுக்கியை மாணவர்களே பொருத்தலாம்; வெளிநாட்டுக் கல்லூரிகளில் இது செய்முறைப் பயிற்சி. இங்குள்ள இயற்பியல் ஆசிரியர்கள் இறுதியாண்டுத் திட்டமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று மட்டும்: அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாமலே கண்ணைக் கெடுக்கும். முதலில் பாதுகாப்புக் கண்ணாடியை வாங்குங்கள், பிறகு லேசரை.